ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டு நாயை எங்கே விடுவது?

கேள்வி: நாங்கள் கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளத்தில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து வயது நாட்டு நாய், பெயர் மணி. அடுத்த மாதம் என் கணவருக்குக் கோவையில் இதய அறுவை சிகிச்சை. நாலைந்து வாரம் அங்கேயே தம்பி வீட்டில் தங்க வேண்டும். அது வாடகை வீடு, நாயைக் கூட்டிப் போக முடியாது. கலிபோர்னியாவில் இருக்கும் மகள், "இங்கே அரசு ஷெல்டரே (விலங்குக் காப்பகம்) இதற்கெல்லாம் உதவும், அங்கேயும் கேட்டுப் பாருங்கள்" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரோ, "செக்போஸ்ட் தாண்டி விட்டுவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வீட்டில் வளர்ந்த நாய் புது இடத்தில் பிழைத்துக்கொள்ளாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் தெருநாய்கள் அதைத் துரத்திக் கடிக்கும். அதுவும் வீட்டைத் தேடி நடக்கும், லாரி ஓடும் சாலையில் ஏறும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான் என்பது வேதனையான விஷயம். அபராதம் சின்னது என்பதால் செய்கிற காரியம் சின்னதாகிவிடாது.

அவர் ஊரைப் பற்றி உங்கள் மகள் சொல்வது சரி. கலிபோர்னியாவில் நகராட்சியோ கவுண்டியோ (நம் மாவட்டம் போன்றது) நடத்தும் ஷெல்டர்கள், நாயைப் பிடித்து அடைப்பதோடு நிற்பதில்லை. பல இடங்களில் குறைந்த செலவில் தடுப்பூசி, கருத்தடை, கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு நாய்த்தீனி எல்லாம் கிடைக்கும். உரிமையாளர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டை ஏற்பாடு செய்து தருவதும் உண்டு. காணாமல் போன நாய் அங்கே வந்து சேர்ந்தால், சொந்தக்காரர் தேடி வர அவகாசம் கொடுக்க வேண்டும் என்று 1998-இல் அந்த மாநிலம் சட்டமே போட்டது. பொதுவாக நான்கு முதல் ஆறு வேலை நாள் வைத்திருக்க வேண்டும். நாயை ஒப்படைக்க வருபவரிடம் நல்ல ஷெல்டர் முதலில் கேட்பது, "என்ன கஷ்டம்?" என்றுதான். ஒரு மூட்டை தீனியோ ஒரு மாத உதவியோ போதும் என்றால், அந்த நாய் கூண்டுக்கு வரவே வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் நிலைமை வேறு. உள்ளாட்சி நடத்தும் நாய் மையங்கள் 2023-ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகளின்படி தெருநாய்களுக்கானவை. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவார்கள். வளர்ப்பு நாய்க்கு ஊசி, குடற்புழு நீக்கம், கருத்தடை மூன்றும் உரிமையாளர் பொறுப்பு என்று அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே மணியை ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்லி அங்கே கேட்பதில் பயன் இல்லை. ஆனால் அமெரிக்க ஷெல்டர் ஒரே கூரையின் கீழ் செய்யும் வேலைகள் இங்கே பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஊசிக்கும் சோதனைக்கும் உங்கள் பஞ்சாயத்து மிருகாசுபத்திரி, நாய் உரிமத்துக்குப் பஞ்சாயத்து அலுவலகம், தற்காலிக வளர்ப்பு வீட்டுக்கு பாலக்காட்டிலும் கோவையிலும் உள்ள விலங்கு நல அமைப்புகள். அமைப்புகளிடம் கேட்கும்போது "நாயை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்காதீர்கள். "ஐந்து வாரம் பார்த்துக்கொள்ள ஒரு வீடு கிடைக்குமா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இடமில்லை என்றே பதில் வரும். இரண்டாவதற்கு யாராவது முன்வரக்கூடும்.

ஆனாலும் என் முதல் விருப்பம் வேறு. மணி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஆள் வரட்டும். சொந்தக்காரர் யாராவது இரவு வந்து படுத்தால் மிக நல்லது. முடியாவிட்டால் காலை, மாலை இரண்டு வேளையும் வந்து சோறு வைத்து, கொஞ்ச நேரம் அவிழ்த்து நடத்திக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். சம்பளம் பேசி வையுங்கள், உபகாரமாகக் கேட்டால் பத்தாவது நாளில் தளர்ந்துவிடும். இப்போதே ஒரு வாரம் அவர் கையால் சோறு போட வையுங்கள், நீங்கள் வெளியே போய்விடுங்கள். வழக்கமான சாப்பாட்டை மாற்ற வேண்டாம். பழக்கமில்லாத தீனியைத் திடீரென்று கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், அதைப் பார்த்து எல்லோரும் பயந்துபோவார்கள். முதல் இரண்டு நாள் மணி சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம், தண்ணீர் குடித்தால் பொறுத்துப் பார்க்கலாம். மூன்றாம் நாளும் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது.

அது நடக்கவில்லை என்றால்தான் காசு வாங்கி நாயைத் தங்கவைக்கும் விடுதி. நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காமலே "கொண்டு வாங்க" என்று சொல்லும் இடமாக இருந்தால் திரும்பிவிடுங்கள். உங்கள் நாயிடம் கேட்காதவர்கள் பக்கத்துக் கூண்டு நாயிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். நாய்களுக்குக் கடும் வாந்தி பேதியை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உண்ணி ஏறினால் உண்ணிக் காய்ச்சல் வரலாம், நம் பக்கத்தில் நாய்களை வாட்டும் நோய்களில் அதுவும் ஒன்று. போகும் முன்பே உண்ணி மருந்து போட்டுவிடுங்கள். இரவில் அங்கே ஆள் தங்குகிறாரா, கூண்டைக் கழுவிய தண்ணீர் அடுத்த கூண்டுக்குள் ஓடுகிறதா, இந்த இரண்டையும் கவனியுங்கள்.

எங்கே விட்டாலும் மணியோடு ஒரு கவர் போக வேண்டும். ஊசிப் புத்தகம், பஞ்சாயத்து உரிமத்தின் நகல், இரண்டு மூன்று புகைப்படம், அப்புறம் உங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம். அவசரத்துக்கு எந்த மருத்துவரிடம் காட்டலாம், உங்களைக் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை செலவு செய்யலாம், எந்தத் தேதியில் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்று அதில் எழுதுங்கள். "ஒப்படைக்கிறேன்" என்று அச்சடித்த படிவத்தில் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அது உரிமையையே விட்டுக்கொடுப்பதாக இருக்கலாம்.

தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் போடலாமா என்றும் யோசிப்பீர்கள். போடுவதில் தவறில்லை. ஆனால் அதைப் படிக்கும் கருவி கையில் இருப்பவரிடம் நாய் போய்ச் சேர்ந்தால்தான் அது உதவும். எல்லை ஊரில் மணி தொலைந்தால் கண்டுபிடிக்கப்போவது டீக்கடைக்காரரோ பஸ் ஸ்டாண்டில் நிற்பவரோதான். கழுத்துப் பட்டையில் போன் எண்ணை எழுதுங்கள். இரண்டு எண் வேண்டும். அறுவை சிகிச்சை நாளில் உங்கள் போனை நீங்கள் எடுக்க முடியாது, இன்னொன்று ஊரிலேயே இருப்பவருடையதாக இருக்கட்டும்.

இந்த வாரமே மிருகாசுபத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசியும் பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் இன்னொரு தொற்றுநோய்) இரண்டுக்குமான கூட்டு ஊசியும் போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால் இப்போது போட வேண்டும். ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. மணி வேறு நாய்களோடு இருக்கப் போகிறான் என்றால் அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஊசி முடிந்திருக்க வேண்டும்.