ஆறு மாசக் கணக்கு: பசுமைத் தீர்ப்பாயம் பத்தி கடற்கரை வாசகர்கள் கேள்வி

இந்த மாசம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்கள்ல இருந்து வந்த கேள்விங்க கிட்டத்தட்ட எல்லாமே ஒரே விஷயம்தான். அரசாங்கம் ஒரு அனுமதிய குடுத்துருச்சு, இல்லன்னா எடுக்க வேண்டிய நடவடிக்கைய எடுக்கல, நாங்க யார்கிட்ட போய் கேக்குறதுன்னு. அதனால இந்தப் பக்கம் முழுக்க, சுற்றுச்சூழல் கேஸுங்களுக்குன்னே இருக்குற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கே குடுத்துட்டோம்.

தேவிபட்டினம் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு வாசகி: ஊருக்குக் கெழக்க பனந்தோப்புக்குப் பின்னால ஏழு மாசத்துக்கு முன்ன ஒரு இறால் பண்ணை வந்துச்சு. குட்டையில தண்ணி மாத்துறப்ப எல்லாம் பழைய தண்ணிய ஓடையிலதான் தொறந்து விடுறாங்க. நாங்க குடிக்கிற ஊத்து உப்புக் கரிக்குது. திங்கக்கிழமையானா கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்குறோம், ரசீது வருது, ஆள் யாரும் வரல. பசுமைக் கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்காமே, போலாமா?

போகணும் அக்கா, அதுவும் இந்த வாரமே ஆரம்பிக்கணும். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறேன்னா, 2010-ல வந்த பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்துல ஒரு கெடு இருக்கு. பிரச்சினை மொதல்ல தலையெடுத்த நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும், அது தாண்டிட்டா சரியான காரணம் இருந்தா மேக்கொண்டு 60 நாள் வரைக்கும் ஏத்துக்க தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கு, அதுக்கு மேல கெடையாது. உங்களுக்கு ஏழு மாசம்னா அந்த 60 நாள்ல பாதி போயிருச்சு. நம்ம ஜனங்க கலெக்டர்கிட்ட மனு குடுத்துட்டோம், பதில் வரட்டும்னு காத்திருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். எத்தன மனு குடுத்தாலும் தீர்ப்பாயத்தோட கெடு அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், நிக்காது. ஆனா அந்த ரசீதுங்கள பத்திரமா வச்சுக்கங்க, நாங்க சும்மா இருக்கல, இத்தன தடவ முறையிட்டோம்னு தாமதத்துக்குக் காரணம் காட்ட அதுதான் ஒதவும். மாசு தெனமும் தொடருதுன்னு வாதாடவும் எடம் இருக்கு, ஆனா அத மட்டும் நம்பி உக்காந்துறாதீங்க. நஷ்டஈடு கேக்குறதுக்கும் கெட்டுப்போன எடத்த பழையபடி சீர் பண்ணித் தரச் சொல்றதுக்கும் மட்டும் கெடு அஞ்சு வருசம், அதனால மனுவுல அந்த ரெண்டையும் சேத்தே கேளுங்க.

இன்னொண்ணு, மனுவ எந்தச் சட்டத்துல நிறுத்துறீங்கங்கறது ரொம்ப முக்கியம். இந்தத் தீர்ப்பாயம் எல்லாச் சட்டத்தையும் விசாரிக்காது, 1974 தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம், பல்லுயிர்ச் சட்டம்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுக்குள்ள வரணும். இறால் பண்ணைக்குன்னே 2005-ல வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தப் பட்டியல்ல இல்ல. அதனால பண்ணைக்கு ஆணையத்துல பதிவு இருக்கா இல்லயான்னு மட்டும் எழுதி நிறுத்திடாம, கழிவுத் தண்ணி ஓடையில எறங்குது, குடிதண்ணி கெடுதுன்னு தண்ணீர் சட்டத்தையும் சுற்றுச்சூழல் சட்டத்தையும் முன்ன வைங்க. அந்த ஆணையமே சும்மா வந்ததில்ல. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா இறால் பண்ணைங்கள எதுத்து உச்ச நீதிமன்றம் போயி, 1996 டிசம்பர்ல வந்த தீர்ப்புக்கு அப்புறந்தான் இதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஒரு அமைப்பே உருவாச்சு. கடற்கரை ஜனங்க கேட்டு வாங்குன உரிமைன்னு தைரியமா சொல்லலாம்.

மனுவ ஏத்துக்கிட்டா என்ன நடக்கும்னா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கலெக்டர், பண்ணைக்காரர் எல்லாருக்கும் நோட்டீஸ் போகும், பெரும்பாலும் ஒரு கூட்டுக் குழு போட்டு எடத்த நேர்ல பாத்து அறிக்கை குடுங்கன்னு சொல்லுவாங்க. கேஸோட உயிரே அந்த ஒரு நாள்லதான் இருக்கு. குழுவுல வர்றவங்க நீங்க இத்தன நாள் மனு குடுத்த அதே துறை ஆளுங்களா இருக்க வாய்ப்பு இருக்கு, அவங்க பஞ்சாயத்துக் குழாய்ல ஒரு பாட்டில் தண்ணி புடிச்சுட்டு, நல்லாத்தான இருக்குன்னு எழுதிட்டுப் போயிரக் கூடாது. ஊத்து தெரியாதவங்களுக்குச் சொல்றேன், மணல்ல ஆள் எறங்குற அளவு குழி தோண்டி, அடியில கசியுற தண்ணிய சிரட்டையால மோந்து மோந்து கொடத்துல ஊத்துறது. மழத்தண்ணி மணலுக்குள்ள எறங்கி, கனமான உப்புத்தண்ணிக்கு மேல ஒரு மெல்லிசுப் படலமாத்தான் நிக்கும். பக்கத்துல உப்புத்தண்ணிய தேக்குனாலோ, போர் போட்டு ஓவரா உறிஞ்சுனாலோ அந்தப் படலம் கெட்டுரும், திரும்பித் தேற எத்தனையோ மழை வேணும். அதனால குழு வர்ற அன்னிக்கு ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் அங்க நில்லுங்க, ஊத்துல இருந்து, ஓடை தொடங்குற எடத்துல இருந்து, பண்ணைக் குழாய் விழுற எடத்துல இருந்து தனித்தனியா சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க, எந்தத் தேதி எத்தன மணிக்கு எங்க எடுத்தாங்கன்னு எழுதி வச்சுக்கங்க, போன்ல வீடியோ எடுங்க. அறிக்கை தப்பா வந்தா ஆட்சேபணை போட உங்களுக்கு உரிமை இருக்கு, அப்ப இந்தக் குறிப்புதான் பேசும்.

மாயாகுளத்துல இருந்து ஒரு வாசகர்: தூத்துக்குடி ஸ்டெர்லைட்ட தமிழ்நாடு அரசு மூடுனப்ப அத தப்புன்னு சொன்னதே இந்த பசுமைத் தீர்ப்பாயம்தான? மத்திய அரசு போடுற ஆளுங்கள எப்படி நம்புறது?

உங்க கோவம் நியாயம் அண்ணே. 2018 டிசம்பர்ல அரசோட மூடல் உத்தரவ தீர்ப்பாயம் ரத்து பண்ணுச்சு, உண்மைதான். ஆனா கதை அதோட முடியலயே. 2019 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தோட அந்த உத்தரவ ரத்து பண்ணுச்சு, இத விசாரிக்கவே தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்ல, வேணும்னா ஹைகோர்ட் போங்கன்னு சொல்லிருச்சு. 2020 ஆகஸ்ட்ல சென்னை ஹைகோர்ட் மூடுனது சரின்னு தீர்ப்பு குடுத்துச்சு, 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றமும் கம்பெனியோட மனுவ தள்ளுபடி பண்ணிருச்சு. அதாவது தீர்ப்பாயம் சொல்றதே கடைசி வார்த்த இல்ல, 90 நாளுக்குள்ள உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போலாம்.

நியமனத்தப் பத்திக் கேட்டா, தலைவரா வர்றவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாவோ ஹைகோர்ட் தலைமை நீதிபதியாவோ இருந்தவரா இருக்கணும், இந்தியத் தலைமை நீதிபதிய கலந்துதான் அவர போடணும். பெஞ்சுல சட்டம் படிச்ச நீதித்துறை உறுப்பினரும், அறிவியல் தெரிஞ்ச நிபுணர் உறுப்பினரும் சேந்து உக்காருவாங்க, ஹைட்ரோகார்பன்னா என்ன, நீரியல்னா என்னன்னு ஆனா ஆவன்னாவுல இருந்து வெளக்க வேண்டியதில்ல, இது பெரிய வசதி. எனக்கு இருக்குற கவலை வேற, உறுப்பினர் எடம் காலியானா சீக்கிரம் நெரப்பாம விடுறதுதான். ஆறு மாசத்துல கேஸ முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, உக்கார ஆளே இல்லன்னா எப்படி முடியும்? இத நாம சத்தமா கேக்கணும்.

ராமநாதபுரத்துல இருந்து ஒரு கல்லூரி மாணவர்: நம்ம மாவட்டத்துல 20 சோதனைக் கிணறு தோண்ட, மத்திய அரசோட எண்ணெய் கம்பெனி ஓஎன்ஜிசிக்கு 2025 மார்ச்சுல சுற்றுச்சூழல் அனுமதி குடுத்தது ஆகஸ்ட்லதான் எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. அனுமதிய எதுக்க 30 நாள்தானாமே?

ஆமா தம்பி, அனுமதிக்கு எதிரான அப்பீலுக்கு 30 நாள், காரணம் காட்டுனா இன்னும் 60 நாள், மொத்தம் 90, அதுக்கு மேல ஒரு நாள் கூட கெடையாது. ஆனா சட்டத்துல இருக்குற வார்த்தைய நல்லா பாருங்க, உத்தரவு போட்ட நாள்ல இருந்து இல்ல, உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாள்ல இருந்து. அனுமதி வாங்குனவங்க ரெண்டு உள்ளூர் பேப்பர்ல, அதுல ஒண்ணு உள்ளூர் மொழியில, விளம்பரம் போடணும்னு விதி இருக்கு. போட்டாங்களா, எந்தத் தேதி, எந்தப் பேப்பர்னு தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி கேளுங்க. உங்க நாள் கணக்குக்கு அந்தத் தேதி ரொம்ப முக்கியம். இந்தக் கிணறு விஷயத்துல அனுமதிய திரும்ப வாங்கச் சொல்லி மாநில அரசே சொல்லிருச்சு, ஆனா சொன்னது வேற, உத்தரவா கையில இருக்குறது வேற, அந்தக் காகிதத்தையும் கேட்டு வாங்கி வைங்க. அடுத்த தடவைக்கு, சுற்றுச்சூழல் அனுமதி கேக்குற மனுங்க வர்ற பரிவேஷ்ங்கற மத்திய அரசு வெப்சைட்ட உங்க காலேஜ் பசங்க நாலு பேரு மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு இருந்தாலே போதும், ஊருக்கு முன்கூட்டியே தெரிஞ்சுரும்.

பாம்பன் பக்கம் இருந்து ஒரு பாசி எடுக்குற அம்மா, மகள் மூலமா எழுதுனது: தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனா வனத்துறை புடிக்குது, அரிவாள், சாமான் எல்லாம் புடுங்கிக்கிறாங்க. பசுமைத் தீர்ப்பாயம் போலாமா?

வேணாம்மா, அங்க போனா உங்க காலம்தான் வீணாப்போகும். மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவையும் 1986-ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, அது வனவிலங்குச் சட்டத்துல வருது, அந்தச் சட்டம் தீர்ப்பாயத்தோட பட்டியல்லயே இல்ல. நீங்க போக வேண்டிய எடம் மதுர ஹைகோர்ட் கிளை. தலைமுறை தலைமுறையா அந்தக் கடல்ல முங்கி பாசி எடுத்த பொம்பளைங்களோட வாழ்வாதாரத்த கேக்க அந்தச் சட்டப் பட்டியல்ல எடமில்லாமப் போனது எனக்கு நெஞ்ச அறுக்குது. சாமான் பறிமுதல் பண்ணா எழுத்துல ரசீது கேளுங்க, குடுக்க மாட்டேன்னாங்கன்னா அன்னிக்கே தேதி போட்டு வன அலுவலருக்கு பதிவுத் தபால் அனுப்புங்க.

தொண்டியில இருந்து ஒரு வாசகர்: செலவு எவ்வளவு ஆகும், வக்கீல் வேணுமா?

நஷ்டஈடு கேக்காத மனுவுக்கு கட்டணம் 1000 ரூபா. நஷ்டஈடு கேட்டா கேக்குற தொகையில ஒரு சதவீதம், கொறஞ்சது 1000. வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம், தெற்கு மண்டல பெஞ்ச் சென்னையில இருக்கு, ஆன்லைன்ல மனு போடலாம், வீடியோ கான்பரன்ஸ்லயும் ஆஜராகலாம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்ல. தமிழ்ல இருக்குற ஆவணத்த இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து வைக்கணும், நம்மூர்க்காரங்களுக்கு உண்மையான செலவு அதுலதான் வரும். பொம்பளைங்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட கோர்ட் வளாகத்துல இருக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, இல்லன்னா 15100-க்கு போன் போடுங்க. ஆனா ஒருத்தர் மேல உள்ள சொந்தப் பகைக்காக பொய்யா கேஸ் போட்டா எதிர்த்தரப்பு செலவையும் உங்க தலையில கட்டச் சொல்ல தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கு, அதனால மனுவுல எழுதுற ஒவ்வொரு வரிக்கும் ஒரு போட்டோவோ ஒரு ரசீதோ ஒரு சாட்சியோ இருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க.