பானெட்டைத் திறக்கும் முன் ஜாக்கியைப் போடுங்கள்

பழைய கார்: கேள்வி – பதில்

சேலம் சூரமங்கலத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப் நடத்தி ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. இரண்டு கதவு வண்டி. பதினைந்து வருடமாக ஸ்டார்ட் பண்ணவில்லையாம். கூரையைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் பெயின்ட் அடித்தால் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார்தான், இரண்டும் ஒரே வண்டி என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: தம்பி, புரோக்கர் சொன்னதில் பாதி நிஜம். ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் டிரயம்ப் பெயரில் வந்தது. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதே சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, அவரையே வரையவைத்து, 1962-ல் டிரயம்ப் கம்பெனி விட்டதுதான் ஸ்பிட்ஃபயர். ஆக, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். ஆனால் முதல் ஸ்பிட்ஃபயரில் 1147 சிசி எஞ்சின், இரண்டு கார்புரேட்டர். வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த நம் ஹெரால்டில் 948 சிசி, ஒரே கார்புரேட்டர். பலம் கிட்டத்தட்டப் பாதிதான். சாயம் பூசினால் பார வண்டி ரேக்ளா வண்டி ஆகிவிடுமா?

கூரையைக் கழற்றலாம் என்பது மட்டும் முழு நிஜம். ஹெரால்டின் உடம்பு துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டியது. கூரையும் அப்படித்தான். அதனால்தான் அந்தக் காலத்தில் கூரை இல்லாத ஹெரால்டு அங்கங்கே ஓடியது. முன்பக்கமும் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் ஒரே மூடியாக முன்னால் சாயும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். நான் பார்த்த வண்டிகளிலேயே மெக்கானிக்கின் முதுகு மேல் இரக்கம் காட்டிய வண்டி அது ஒன்றுதான்.

அந்த மூடியைத் திறந்து காட்டித்தான் உங்களை மயக்குவார்கள். திறக்க விடாதீர்கள். முதலில் ஜாக்கியைப் போட்டு, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, டார்ச்சும் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு. நடுச் சட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல இரும்புகள் வரும். உடம்பின் பாரம் அவற்றின் மேல்தான். துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். ஒவ்வொரு கையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்றால் சரி. பொருபொருவென்று உள்ளே இறங்கினால் எழுந்து, தோட்டத்துக்காரர் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிடுங்கள்.

சேலத்து வெயில் பெயின்ட்டைத் தின்னும், ஏற்காட்டுப் பனிமூட்டம் இரும்பைத் தின்னும். கொட்டகையில் நிழலில் நின்ற வண்டி என்று சந்தோஷப்படாதீர்கள். மண் தரையா, சிமென்ட் தரையா என்று கேளுங்கள். மண் தரை என்றால் பதினைந்து மழைக்காலத்து ஈரத்தையும் கீழிருந்து குடித்திருக்கும். காப்பி மூட்டை பக்கத்தில் இருந்தால் எலி வயரைக் கடித்திருக்கும், ஆனால் அது சின்ன வேலை. கதவுக்குக் கீழேயும், பின் மட்கார்டு வளைவிலும் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள். பட்டி அடைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பட்டி பார்ப்பது குற்றமில்லை, என் கையாலும் கிலோக் கணக்கில் பூசியிருக்கிறேன். ஓட்டையை மறைக்கப் பூசியதா, சொட்டையை நிரவப் பூசியதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் டிரன்னியன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டவன் நான்.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டின் அடிப்பக்கம் மரையோடு ஒரு வெண்கலத் துண்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் திரும்பும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் கூடாது. கிரீஸ் உள்ளே கட்டியாகி நின்றுவிடும், தண்ணீர் இறங்கி மரை துருப்பிடிக்கும். 1987-ல் நானே ஒரு ஹெரால்டு வாங்கினேன். மற்ற வண்டிக்கெல்லாம் அடிப்பதுபோல மூன்று வருடம் அதற்கும் சிரத்தையாகக் கிரீஸ் கன் பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவோடு ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 12-வது கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். ‘டக்’ என்றது. முன் இடது சக்கரம் உள்ளே மடிந்து, வண்டி கூன் போட்டு உட்கார்ந்தது. வேகம் இல்லாததால் பிழைத்தோம். என் மனைவி இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல், வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டார். யாரையும் குறை சொல்ல வழியில்லை, மெக்கானிக் நான்தான்!

அதனால் எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அந்தச் செங்குத்துத் துண்டு இரண்டையும் கழற்றிச் சுத்தம் பண்ணி, மரையில் துருக்குழியோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்காமல் ரோட்டில் விடாதீர்கள்.

எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, துளைக்கு ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, நாலாவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளுங்கள். அசைந்தால் உயிர் இருக்கிறது. இன்னொரு சோதனை: ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் நின்று, எஞ்சினின் முன் முனையில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்தால் உள்ளே கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது கீழே விழுந்தே விட்டது. இந்த எஞ்சினுக்கு அது பரம்பரை வியாதி. வால்வ் சீட் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நம் நாட்டில் நின்றுவிட்டதால், ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வ் சீட் போட்டுவிடுங்கள். இப்போது எத்தனால் கலந்து வருவதால் பெட்ரோல் ஓஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் புதுசாக, எத்தனால் தாங்கும் ரகமாக இருக்கட்டும். போரிங், ஹெட் வேலைக்கெல்லாம் கவலை வேண்டாம். லாரி எஞ்சினைப் பிரித்துப் பிரித்துப் பழகிய ஊர் இது, 948 சிசி எஞ்சின் நம் லேத்காரர்களுக்குப் பொம்மை.

அடியில் இரும்பு நன்றாக இருந்தால் வாங்குங்கள். கூரையை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த 1964 மாடல் கார் வீட்டில் இருக்கிறது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில். அவர் காலமாகிவிட்டார். வின்டேஜ் என்று பதியலாம் என்கிறார்கள். நல்லதா?
– ஒரு வாசகி, ஓமலூர்

பதில்: முதலில் பெயரை மாற்றுங்கள் அம்மா. ஓனர் இறந்துபோனால் அதற்குப் படிவம் 31. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று இரண்டையும் தயாராக வையுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஓர் எழுத்து பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பாருங்கள்.

வின்டேஜ் விதி 2021-ல் வந்தது. முதலில் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு நம்பர் தருவார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஆனால் சேசிஸ், உடம்பு, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. அஸ்தம்பட்டித் தம்பி கூரையைக் கழற்றினால் இங்கேதான் மாட்டுவார். இன்னொன்று, அந்த நம்பரில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று வெளியே எடுக்கலாம். மாமியார் வீட்டுக்குப் போவது அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு ஓட்ட ஆசை என்றால் எஃப்.சி. காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது மேல்.

கேள்வி: என் பழைய பியட் ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் நின்றுவிடுகிறது. பத்து, பதினைந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை மூன்று முறை சர்வீஸ் செய்தாகிவிட்டது.
– ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: பாவம், கார்புரேட்டர் மேல் தப்பே இல்லை. பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவும் முதல் கியர், இரண்டாம் கியர் என்று ஏறினால் எஞ்சின் கொதிக்கும், காற்று போதாது, பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை அந்தப் பம்பால் தள்ள முடியாது. ஆறியதும் பெட்ரோலாகி ஓடும். நின்றால் பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள், இரண்டு நிமிடத்தில் கிளம்பும். நிரந்தர வழி: பெட்ரோல் டியூபை சைலென்சர் குழாயிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள், பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கனமான பேக்கிங் வையுங்கள், ரேடியேட்டரை அடைப்பு எடுங்கள். காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏறும்போது நின்றால் அவமானம்தான். இறங்கும்போது பிரேக் நிற்காவிட்டால்? பழைய வண்டியில் பிரேக் ஆயில் ஒரே சுற்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலும் போச்சு. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: சான் ஸ்டார்ம் ஒன்று விலைக்கு வருகிறது. ரிப்பேர் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: கோவாவில் செய்த இரண்டு சீட் வண்டி, ஃபைபர் உடம்பு, ரெனோ எஞ்சின். உடம்பு துருப்பிடிக்காது, அதனால் அடியில் இருக்கும் இரும்பை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். கண்ணாடி, விளக்கு முழுசாக இருந்தால் மட்டும் பேசுங்கள், உடைந்தால் தேடி அலைய வேண்டும்.

கேள்வி: என் கணவர் மூன்று வருடத்துக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கி, ஒரே வாரத்தில் முழுசாகக் கழற்றினார். இன்று வரை போர்டிகோவில் கூடுதான் நிற்கிறது. மிச்சம் என் அரிசி டிரம்மில் இருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, அழகாபுரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

அவரிடம் சொல்லுங்கள்: ஒரு வேலையை முடித்து மாட்டாமல் அடுத்ததைக் கழற்றக் கூடாது. முதலில் பிரேக், பிறகு ஸ்டியரிங்கும் முன் ஆக்சிலும், அப்புறம்தான் எஞ்சின். பெயின்ட் கடைசி. எல்லோரும் பெயின்ட்டில் ஆரம்பித்துத்தான் காசு தீர்ந்து நிற்கிறார்கள். ஒவ்வொரு சாமானையும் கழற்றும் முன் போனில் போட்டோ எடுக்கட்டும். நட்டு போல்ட்டைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, எது எங்கே என்று சீட்டு ஒட்டட்டும். மூன்று வருடம் ஆனதால் ஞாபகத்தை நம்பிப் பயனில்லை, அதே மாடல் வண்டி வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

அரிசி டிரம்மை இன்றே காலி பண்ணிவிடுங்கள். கார்புரேட்டரை வெந்நீரில் வேகவைத்தால் அழுக்குப் போகும் என்று அவர் எப்போதாவது இட்லிப் பானையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். அழுக்குப் போகும்தான். ஆனால் அன்று சாயங்காலமே செவ்வாய்பேட்டைக்குப் போய் நான் புதுப் பானை வாங்கி வர வேண்டியிருந்தது.