கேப் ஒயின் ஊர்களில் பழைய பண்ணை மாளிகையில் தங்குவது: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனைச் சுற்றிய கேப் பகுதியில், ஸ்டெல்லன்பாஷ், ஃப்ரான்ஷூக், பார்ல் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே விடுதியாக நடக்கும் பழைய டச்சு பாணி வீடுகளைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். நான் அங்கே சுற்றுலா வழிகாட்டி, அதனால் வீடு, தோட்டம், வரலாறு பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். விசாவும் விமான டிக்கெட்டும் என் துறை இல்லை.

கோவை: அக்கா, கல்யாண நாளுக்கு அப்படி ஒரு மாளிகையில் தங்க ஆசை. முன்பதிவு செய்யும்போது எதைக் கவனிக்கணும்?

உங்கள் அறை பழைய வீட்டுக்குள் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். படத்தில் வெள்ளைச் சுவரும் நாணல் கூரையும் ஓக் மரங்களும் இருக்கும். போய் இறங்கினால் அந்த வீட்டில் வரவேற்பும் சாப்பாட்டுக் கூடமும் மட்டும்தான், நீங்கள் படுப்பது பின்னால் புதிதாகக் கட்டிய வரிசை அறைகளில் ஒன்றில். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். எச் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில், நடுவில் முன்கூடமும் பின்கூடமும், இரண்டு பக்கமும் சில அறைகளுமாக ஒரே குடும்பத்துக்குக் கட்டிய வீடு அது, அதற்குள் முழு விடுதியை நடத்த இடம் கிடையாது. புது அறையில் வசதி அதிகம் என்பதும் உண்மை. ஆனால் பழமைக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறவர் கேட்டுத்தான் ஆகணும், கேட்காதவருக்கு அவர்களாகச் சொல்வது குறைவு.

திருச்சி: கூரை வேய்ந்த வீடு என்கிறீர்கள். தீப்பிடித்தால் என்ன ஆகும்?

நல்ல கேள்வி, அந்த வீட்டின் வடிவத்துக்கே இந்த பயம்தான் பாதிக் காரணம். 1710 கடைசியில் ஸ்டெல்லன்பாஷில் பெரிய தீ பரவி, தேவாலயம் உட்பட நிறைய கட்டடங்கள் போய்விட்டன. பழைய அறையில் கட்டிலில் படுத்தபடி மேலே பாருங்கள், அகலமான மஞ்சள்மரப் பலகைகள் தெரியும். பல வீடுகளில் அந்தப் பலகைக்கு மேல், கண்ணுக்குத் தெரியாமல், களிமண்ணோ செங்கல்லோ ஒரு அடுக்காகப் பரப்பியிருக்கும். கூரை எரிந்து விழுந்தால் நெருப்பு அந்த மண்ணோடு நிற்கும், கீழே இருப்பவர்கள் சாமான்களோடு வெளியே வந்துவிடலாம். வாசலுக்கு நேர் மேலே வளைந்து வளைந்து உயரும் அந்த முகப்புச் சுவரை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எரிகிற நாணல் சரிந்து வாசலை அடைத்துவிடாமல் தடுக்கவும் அது உதவும். இப்போது புகை எச்சரிக்கைக் கருவி எல்லாம் இருக்கிறது, பயம் வேண்டாம். ஆனால் அறைக்குள் ஊதுபத்தி, சூடம் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

சென்னை: எந்த மாதம் போகலாம்?

அறுவடை பார்க்கணும் என்றால் பிப்ரவரி, மார்ச். கோடையில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் குளிரும், ஆனால் கணப்படுப்பு எரியும், கூட்டமும் குறைவு. எனக்குப் பிடித்தது அதுதான்.

பெங்களூரு: நாங்கள் குடிக்காதவர்கள், சைவம் வேறு. போய் பிரயோஜனம் உண்டா?

தாராளமாக. மலையும் தோட்டமும் வீடும் குடிக்காதவருக்கும் உண்டுதானே, திராட்சைச் சாறு தருகிற இடங்களும் இருக்கின்றன. சைவம் என்பதை முன்பதிவிலேயே சொல்லுங்கள், மீனும் கோழியும் ஆகாது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

ஈரோடு: முற்றத்தில் வெள்ளைத் தூண்களுக்கு நடுவே பெரிய மணி தொங்குகிறதே, கோயில் மணியா?

இல்லை. அடிமைகளை விடிகாலையில் வேலைக்கு எழுப்பிய மணி. பக்கத்தில் நின்று படம் எடுப்பவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

டர்பன்: இந்தியர்கள் இங்கே வந்தது 1860-ல், ட்ரூரோ கப்பலில், நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு. என் முன்னோர்களும் அப்படி வந்தவர்கள்தான். கேப் ஒயின் பண்ணைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

ஐயா, ஒப்பந்தக் கூலிகளாக வந்தது 1860-ல். அதற்கு இருநூறு வருஷம் முன்பே டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி நம் கரையிலிருந்து ஆட்களை அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. 1652-லிருந்து 1808 வரை கேப்புக்கு வந்த அடிமைகள் சுமார் 63,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள், அதில் ஏறக்குறைய கால்வாசி இந்தியாவிலிருந்து. வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கம்பெனிக்குக் கோட்டை இருந்தது நமக்குத் தெரிந்ததுதானே.

ஒரே ஒரு பெண்ணைச் சொல்கிறேன். கம்பெனி ஆவணங்களில் அவர் பெயர் பழவேற்காட்டு கத்தரினா. படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தண்டிக்கப்பட்டு 1650களில் கேப்புக்கு அனுப்பப்பட்டவர். அவர் மகன் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமான், பிரான்சிலிருந்து மதத்துக்காக ஓடிவந்த ஹியூகனாட் குடும்பத்துப் பெண்ணான மார்கெரித் த சவாயைக் கட்டிக்கொண்டார். இன்று ஸ்னைமான் என்ற பெயருள்ள ஏராளமான ஆப்பிரிக்கானர்களின், அதாவது டச்சுக் குடியேறிகளின் வழிவந்த வெள்ளையர்களின், வேர் அந்தப் பழவேற்காட்டுப் பெண்.

சிங்கப்பூர்: காசு செலவழித்து ஓய்வெடுக்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லி மனதைக் கெடுக்கணுமா? வரலாறு முடிந்துபோனது.

முடியவில்லை, அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் காலை காபியோடு உட்காரும் அந்தத் திண்ணை, சுண்ணாம்புச் சுவர், தேக்குக் கதவு, தோட்டத்தின் ஆரம்பக் கொடிகள், இவற்றில் அடிமைகளின் உழைப்பு இருக்கிறது. 1834 டிசம்பரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது, ஆனால் 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை அதே எஜமானிடம் வேலை செய்ய வைத்தார்கள். விடுதலையானவர்களுக்காக 1843-ல் உருவான பினீல் என்ற ஊர் போஷன்டால் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்றும் இருக்கிறது, காரில் கடந்து போகிறவர்கள் நிறுத்துவதில்லை. பிறகும் பண்ணைத் தொழிலாளிக்குக் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள், தடை வந்த பிறகும் அந்த வழக்கம் பல காலம் ஓடியது. தாய் குடித்ததால் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் ஒன்று இந்த மேற்குக் கேப். இதைத் தெரிந்துகொண்டே அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம், நானும் தங்கியிருக்கிறேன், அந்த வீடுகள் எனக்குப் பிடிக்கும். விருந்தினரிடம் சொந்தக்காரர்களின் வம்சாவளி முழுவதையும் ஒப்பித்துவிட்டு, கட்டியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத விடுதிதான் எனக்குப் பிடிக்காது. வரவேற்பிலேயே கேளுங்கள், இங்கே அடிமைகள் எங்கே படுத்தார்கள் என்று.

டர்பன்: கத்தரினா விஷயம் எனக்குத் தெரியாது. இதையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

கேப் டவுனில் ஸ்லேவ் லாட்ஜ், 1679-ல் கம்பெனி தன் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். முதலில் அங்கே போய்விட்டு, பிறகு ஒயின் ஊருக்கு வாருங்கள் ஐயா. வீட்டைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

மதுரை: விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

மேலேயே சொல்லியிருக்கிறேன். தூதரகத்தைக் கேளுங்கள்.

தஞ்சாவூர்: எந்த மாதம் நல்லது?

சென்னைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சேலம்: விமான நிலையத்திலேயே கார் எடுத்து, ஒரே நாளில் நாலு தோட்டத்தில் ஒயின் ருசி பார்த்துவிட்டு ராத்திரி மாளிகைக்குப் போகலாம் என்று திட்டம். சரியா?

சரியில்லை. சட்டப்படி வரம்பு ரத்தத்தில் 0.05 சதவீதம், நாலு இடம் சுற்றினால் தாண்டிவிடுவீர்கள், இருட்டில் பண்ணைச் சாலையில் ஓரமாக நடந்து போகிறவர்களும் உண்டு. காரை விடுதியில் விட்டுவிட்டு ஓட்டுநர் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், ஃப்ரான்ஷூக்கில் தோட்டம் தோட்டமாக அழைத்துப் போகும் ஒயின் டிராம் இருக்கிறது, அதில் ஏறுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும். அப்புறம், அறை பழைய வீட்டிலா பின்கட்டிலா என்று கேட்டுவிட்டீர்களா? பதில் எழுத்தில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.