கணினிக் கேள்வி பதில்: விளக்கு எரிகிறது, வைஃபை வரவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே வருத்தத்தைச் சொல்கின்றன. மேசைக் கணினியில் லினக்ஸ் நிறுவியாயிற்று, மற்றதெல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

கேள்வி: பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவினேன். வைஃபைக்காகச் சிறிய யுஎஸ்பி டாங்கிள் ஒன்றை வாங்கிச் செருகினேன். அதில் விளக்கு எரிகிறது. ஆனால் வைஃபை பட்டியலே வரவில்லை. திரையில் ஒரு சிடி படம்தான் தோன்றுகிறது. மூன்று முறை லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்துவிட்டேன். டாங்கிள் பழுதா?

பதில்: பழுதில்லை. நான்காவது முறை நிறுவ வேண்டாம். மூன்று முறை அழித்து எழுதினேன் என்று படித்தபோது மனம் கனத்தது. அதே பென் டிரைவிலிருந்து நிறுவினால் அதே கெர்னலும் (லினக்ஸின் மையக்கரு) கருவிகளை இயக்கும் நிரல்களான அதே டிரைவர்களும்தான் மறுபடி வந்து உட்காரும். உங்கள் உழைப்பெல்லாம் வீண்.

நீங்கள் கண்ட அந்த சிடி படத்தில்தான் விடை இருக்கிறது. சில டாங்கிள்களுக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு. விண்டோஸுக்கான டிரைவரை அதில் போட்டு அனுப்புகிறார்கள். செருகியவுடன் டாங்கிள் தன்னை ஒரு சிடி டிரைவ் என்றே கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் அந்தச் சிடியிலிருந்து டிரைவரை நிறுவிய பிறகு, வேடத்தைக் கலைத்துவிட்டு வைஃபை கருவியாக மாறும். உங்கள் கணினியில் அந்த வேடம் இன்னும் கலையவில்லை.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்யூஎஸ்பி' என்று அடியுங்கள். செருகியிருக்கும் யுஎஸ்பி கருவிகள் வரிவரியாக வரும். ஒவ்வொரு வரியிலும் 'ஐடி' என்ற சொல்லுக்குப் பின்னால், நடுவில் முக்காற்புள்ளியுடன் எட்டு எழுத்துகள் இருக்கும். முதல் நான்கு தயாரிப்பாளரைக் குறிப்பவை, அடுத்த நான்கு கருவியை. '0பிடிஏ:1ஏ2பி' என்று இருந்தால் அது ரியல்டெக் சிப், இன்னும் சிடி வேடத்தில் இருக்கிறது என்று பொருள். இப்போது அந்தச் சிடி படத்தின் மேல் வலது சொடுக்கு செய்து, 'எஜெக்ட்' கொடுங்கள். பத்து நொடி பொறுத்து மறுபடி 'எல்எஸ்யூஎஸ்பி' அடியுங்கள். பின்பாதி எண் மாறியிருக்கும். எண் மாறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் இதைக் கையால் செய்யாமலிருக்க 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அது தன் பட்டியலில் உள்ள கருவிகளைத் தானே மாற்றிவிடும்.

எண் மாறிய பிறகும் பட்டியல் வரவில்லையென்றால், அந்தச் சிப்புக்கு உங்கள் கெர்னலில் டிரைவர் இல்லை. 'யுனேம்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் 'ஆர்' எழுத்தும் சேர்த்தால் கெர்னல் எண் தெரியும். இவ்வகை ரியல்டெக் யுஎஸ்பி சிப்கள் சிலவற்றுக்கான டிரைவர், 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில்தான் உள்ளேயே சேர்க்கப்பட்டது. மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் 'வியூ' மெனுவில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்று இருக்கும். அங்கிருந்து புதியதை நிறுவலாம்.

வைஃபையே இல்லாமல் எதைப் பதிவிறக்குவது என்று கேட்பீர்கள். கைபேசியைச் சார்ஜர் கேபிளால் கணினியில் இணைத்து, கைபேசியின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) இயக்குங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியை லினக்ஸ் சாதாரணக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் கேட்காது. யார் வீட்டுக் கணினியைப் பார்க்கப் போனாலும் நான் அந்தக் கேபிளோடுதான் போகிறேன்.

கேள்வி: என் கணினியின் மதர்போர்டிலேயே வைஃபை இருக்கிறது. ரவுட்டர் பக்கத்து அறையில்தான். கைபேசியில் சிக்னல் முழுதாக இருக்கிறது, கணினியில் ஒரு கோடுதான். லினக்ஸ் டிரைவர் மோசமா?

பதில்: டிரைவரைக் குறை சொல்லுமுன் கணினியின் பின்பக்கம் பாருங்கள். மரை போட்ட இரண்டு சிறிய பித்தளைக் குமிழ்கள் வெறுமையாக நிற்கின்றனவா? ஆன்டெனாவைத் திருக வேண்டிய இடம் அது. மதர்போர்டு பெட்டியில் ஆன்டெனாவும் சேர்ந்தே வந்திருக்கும். உறை பிரிக்கப்படாமலே பலர் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. திருகியிருந்தாலும், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தால் பயன் குறைவு. கம்பியோடு வரும் ஆன்டெனாவென்றால் மேசை மேல் எடுத்து வையுங்கள்.

டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. என் கணினியில் ஒரு காலத்தில் தினமும் மாலையில் இணையம் படுத்துவிடும். ரவுட்டரை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் ஒருநாள் பொறுமையாக டெர்மினலில் 'ஐடபிள்யூ டெவ்' என்று தொடங்கி, வைஃபை கருவியின் பெயரையும் 'லிங்க்' என்பதையும் சேர்த்து, சில நொடிகளுக்கு ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிக்னல் கழித்தல் 48 டிபிஎம், நல்ல சிக்னல்தான். வந்துசேரும் வேகம் நொடிக்கு 72.2 மெகாபிட். மாலை காப்புப் பிரதி எடுக்கும் நேரம் வந்தது. பக்கத்துத் துளையில் செருகியிருந்த யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கியது. சிக்னல் அதே 48. வேகம் மட்டும் 6.5க்கு இறங்கிவிட்டது. டிஸ்க்கைக் கழற்றினேன், வேகம் ஏறியது. மறுபடி செருகினேன், இறங்கியது. அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

காரணம் இதுதான். யுஎஸ்பி 3 கேபிளில் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது கிளம்பும் மின்னிரைச்சல், வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. தீர்வு மிக எளிது. டாங்கிளை ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்சிக் கேபிளில் மாட்டி டிஸ்க்கிலிருந்து தள்ளி வையுங்கள். டாங்கிளும் ரவுட்டரும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றவையென்றால் அதற்கு மாறிவிடுங்கள், இந்த இரைச்சலின் தொல்லை அங்கே பெரிதாக இராது.

கேள்வி: உபுண்டுவில் வைஃபை இணைகிறது. ஆனால் சில நிமிடங்கள் சும்மா விட்டால் உறைந்துபோகிறது. இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தால் சரியாகிறது. என்ன செய்வது?

பதில்: மின்சிக்கன ஏற்பாட்டின் மீதுதான் எனக்குச் சந்தேகம். ரவுட்டர் நொடிக்குப் பத்து முறைபோல, வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை, தன் இருப்பை அறிவித்துக்கொண்டிருக்கும். வேலை இல்லாதபோது வைஃபை கருவி கண்ணயர்ந்து, அந்த அறிவிப்பு நேரத்தில் மட்டும் விழித்து, 'எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா' என்று கேட்டுக்கொள்ளும். மடிக்கணினியில் இது பேட்டரியைக் காப்பாற்றும். சில டிரைவர்களும் சில ரவுட்டர்களும் இந்தத் தூக்கக் கணக்கில் ஒத்துப்போவதில்லை. விழிக்க வேண்டிய நேரம் தவறினால் நீங்கள் சொல்லும் உறைதல்தான் மிஞ்சும்.

எப்போதும் மின்சாரத்தில் ஓடும் மேசைக் கணினிக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. 'இடிசி' கோப்புறைக்குள் 'நெட்வொர்க்மேனேஜர்', அதற்குள் 'கான்ஃப்.டி'. அங்கே 'டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்' என்று தொடங்கும் ஒரு கோப்பு இருக்கிறது. உள்ளே இரண்டே வரிகள். இரண்டாவது வரியின் முடிவில் இருக்கும் 3 என்ற எண்ணை 2 ஆக்கிச் சேமித்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். கோப்பின் பெயரில் 'ஆன்' என்றிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்; 3 என்றால் சிக்கனம் உண்டு, 2 என்றால் இல்லை.

கேள்வி: நேற்று வரை வேலை செய்தது. அப்டேட் செய்தேன், வைஃபை கருவியே காணாமல் போய்விட்டது.

பதில்: உங்கள் டிரைவரை முன்பு யாரோ தனியாகத் தரவிறக்கி நிறுவித் தந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்படி வெளியிலிருந்து வரும் டிரைவரை ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்வது 'டிகேஎம்எஸ்'. அதற்குக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும். அவை இல்லையென்றால் கட்டாமலே விட்டுவிடும்.

முதலில் இழந்ததைத் திரும்பப் பெறுங்கள். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிடும். பிறகு 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' தொகுப்பை நிறுவி, 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடித்துப் பாருங்கள். புதிய கெர்னல் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்டு' என்று வர வேண்டும்.

அப்படி வந்தும் டிரைவர் ஏறவில்லையென்றால், சாவி பதிவாகாத நிரல்களை ஏறவிடாத 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு ஏற்பாடு தடுக்கிறது. டிரைவருக்கான சாவியைப் பதிவு செய்ய, மறுதொடக்கத்தின்போது ஒரு நீலத் திரை வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டாவிட்டால் அது போய்விடும், சாவியும் பதிவாகாது. தேநீர் எடுக்க எழுந்து போகாமல் திரையின் முன்னேயே இருங்கள்.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில். விண்டோஸிலிருந்து வந்தால் மட்டும் லினக்ஸில் வைஃபை இல்லை.

பதில்: விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது கணினி முழுமையாக அணைவதில்லை. வைஃபை அட்டையும் அரைத்தூக்கத்தில் விடப்படுகிறது.

கேள்வி: புதிதாகவே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். எதை வாங்குவது?

பதில்: அட்டைப்பெட்டியில் 'லினக்ஸ்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பழைய கெர்னலுக்கு எழுதிய மூல நிரலை மட்டும் கொடுத்துவிட்டு அப்படி எழுதுபவர்களும் உண்டு. உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பில் ஒரு சிப்பும் இரண்டாம் பதிப்பில் வேறொன்றும் இருக்கக்கூடும், ஆகவே பதிப்பு எண்ணையும் பாருங்கள். டாங்கிள் என்றால் மீடியாடெக் எம்டி7921ஏயு சிப் உள்ளது நல்லது, 5.18 முதல் கெர்னலிலேயே அதற்கு டிரைவர் இருக்கிறது.

கணினிக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை காலியாக இருந்தால் நான் டாங்கிளைவிட அட்டையைத்தான் சொல்வேன். இன்டெல் ஏஎக்ஸ்210 பொருத்திய அட்டை 5.10 கெர்னல் முதல் ஓடும். அந்த அட்டையில் புளூடூத்தும் வேலை செய்ய வேண்டுமென்றால், உடன் வரும் மெல்லிய கம்பியை மதர்போர்டின் யுஎஸ்பி முனையில் மாட்ட வேண்டும்; பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஏஎக்ஸ்201 என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிட வேண்டாம். அதன் பாதி வேலையைச் செய்யும் பகுதி இன்டெல்லின் சில சிப்செட்டுகளுக்குள்தான் இருக்கிறது, மற்ற மதர்போர்டுகளில் அதைக் கணினி கண்டுகொள்ளவே கொள்ளாது.