டேப்லெட்டில் படிக்கும் சின்னஞ்சிறுசுகள்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு: 2 முதல் 4 வயது வரை, எல்லாத் திரையும் சேர்த்து 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. டிவி பார்த்த நேரமும் இந்தக் கணக்கில்தான் வரும். படிப்புச் செயலிக்கு ஒரே தடவையில் 15 நிமிடம் போதும், நீங்கள் பக்கத்தில் இருந்தால்.

கேள்வி: நாலரை வயது மகள் செயலியில் 'அ'வை அழகாக எழுதுகிறாள். காகிதத்தில் கோடு கூட வரவில்லை. ஏன்?

பதில்: செயலியில் அவள் எழுதவில்லை, திரையில் வழிகாட்டும் புள்ளியைத் துரத்துகிறாள். விரல் விலகினாலும் பல செயலிகள் கோட்டைத் தாமே நேராக்கிவிடும். கண்ணாடியில் விரல் வழுக்கும். பென்சிலையோ பிடிக்கவும் வேண்டும், அளவாக அழுத்தவும் வேண்டும். அது வேறு வேலை.

ஒரு நாளுக்கு ஒரே எழுத்து. செயலியில் மூன்று முறை எழுதியதும் டேப்லெட்டை மூடி வையுங்கள். தட்டில் மெல்லப் பரப்பிய மணலில் விரலால் எழுதட்டும். பிறகு சிலேட்டு, கடைசியில்தான் பென்சில். எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிக்கிறாள் என்று பாருங்கள். வழிகாட்டும் புள்ளிகளை அணைக்க வசதி இருந்தால் இரண்டாம் நாளே அணைத்துவிடுங்கள். கீழிருந்து மேலாக இழுத்தாலும் 'சபாஷ்' சொல்லும் செயலியை அழித்துவிடுங்கள். தப்பான கைவாக்கு படிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

உச்சரிப்பையும் நீங்களே ஒருமுறை கேளுங்கள். ல, ள, ழ மூன்றும் ஒரே மாதிரி ஒலித்தால் அந்தச் செயலி வேண்டாம்.

கேள்வி: விடை தெரியாமலே எல்லாப் படத்தையும் தட்டிப் பார்க்கிறான்.

பதில்: மூன்று படத்தில் ஒன்று சரி என்றால், தட்டிக்கொண்டே போனால் மூன்றாவது தட்டிலாவது நட்சத்திரம் கிடைத்துவிடும். யோசிக்க அவனுக்கு என்ன அவசியம்? "கை மடியில. முதல்ல வாயால சொல்லு, அப்புறம் தொடு" என்று பழக்குங்கள். எண்ணிக்கைப் பாடமானால், 5 பொத்தான்களைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணிய பிறகே திரைக்குப் போகட்டும். தப்பான விடைக்கும் வேடிக்கைச் சத்தம் வருகிறதா? வந்தால் வேண்டுமென்றே தப்பு செய்வான். அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள்.

கேள்வி: செயலியை விட்டு வெளியே போய்விடுகிறாள். விளம்பரமும் வருகிறது.

பதில்: ஐபேடில் செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, கைடட் அக்சஸ் (ஒரே செயலியில் திரையைப் பூட்டும் வசதி) என்று போய் அதை இயக்கி, கடவுக்குறியீடு வையுங்கள். செயலியைத் திறந்து மேல் பட்டனை (பழைய ஐபேடானால் ஹோம் பட்டனை) மூன்று முறை அழுத்துங்கள். திரையில் தொடக்கூடாத இடத்தை விரலால் வட்டமிட்டால் அது செயல்படாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' என்று தேடி இயக்குங்கள். வெளியேற பின் எண் கேட்கும்படியும் வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் சுலபமாக வெளியே வந்துவிடுவார்கள்.

விளம்பரத்துக்கு, பாடங்களை முன்பே இறக்கிவிட்டு ஏர்பிளேன் மோடில் கொடுங்கள். இணையம் இல்லாமல் திறக்கிறதா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: பிடுங்கினால் ஒரே அழுகை.

பதில்: பாதி ஆட்டத்தில் பிடுங்காதீர்கள். "இன்னும் ரெண்டு கணக்கு, அப்புறம் மூடணும்" என்று முன்பே சொல்லி, முடிந்ததும் மூடும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். அடுத்த பாடம் தானாக ஓடும் வசதியையும் அணைத்து வையுங்கள்.