திருப்பத்தில் சுக்கான்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: படகைத் திருப்புவது போல விமானத்தையும் சுக்கான்தானே திருப்புகிறது?

பதில்: இல்லை, பெயர் மட்டுமே படகிலிருந்து வந்தது. விமானத்தின் சுக்கான் என்பது செங்குத்து வாலின் பின்விளிம்பிலுள்ள அசையும் பலகை, விமானி அதைக் காலால் மிதித்து இயக்குகிறார். விமானம் சாயும்போது இறக்கைகளின் ஏற்றுவிசையும் உடன் சாய்ந்து, அதில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கிறது. திருப்புவது அந்த இழுப்பே.

கேள்வி: பிறகு ஏன் இடப்பக்கம் சாய்க்கும்போதெல்லாம் பயிற்சியாளர் "இடது கால்" என்கிறார்? எவ்வளவு மிதிக்க வேண்டும்?

பதில்: இடப்பக்கம் சாய்க்கையில் வல இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் பலகையான ஏலரான் கீழிறங்கி அந்த இறக்கையை உயர்த்துகிறது, ஆனால் ஏற்றுவிசை கூடும்போது இழுவையும் கூடுவதால், அந்த இறக்கை சற்றே பின்தங்கி, விமானத்தின் மூக்கு வலப்பக்கம் விலகுகிறது. அந்த விலகலை ஈடுசெய்யவே இடது கால். ஏலரான் விலகியிருக்கும் வரை அதன் அளவுக்கேற்ப மிதித்து, வேண்டிய சாய்வு வந்து ஏலரான் நடுநிலைக்குத் திரும்பியதும் காலையும் தளர்த்திவிட வேண்டும். வேகம் குறையக் குறைய மிதி கூடுதலாகத் தேவைப்படும். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் ஏலரான்கள் இந்த விலகலைக் குறைக்கும்படி அமைந்திருப்பதால் கால் சோம்பேறியாகிவிடுகிறது. எஞ்சினற்ற, நீண்ட இறக்கை கொண்ட கிளைடரில் ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தொலைவிலுள்ள ஒரு மலையுச்சியை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு இடமும் வலமும் மாறிமாறிச் சாய்த்துப் பாருங்கள். கையும் காலும் இசைந்தால் மூக்கு உச்சியை விட்டு நகராது. கருவிப் பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அந்தப் பக்கத்துக் காலை மிதிக்க வேண்டும்.

கேள்வி: தரையிறங்குமுன் கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால், சாய்வைக் கூட்டாமல் சுக்கானால் மூக்கை உள்ளே தள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. இடத் திருப்பத்தில் இடது காலை மிகையாக மிதித்தால் வெளி இறக்கை வேகம் பெற்று உயர்கிறது. சாய்வு கூடுகிறதே என்று விமானி ஏலரானை இயக்கும் கைப்பிடியை வலப்பக்கம் திருப்புகிறார். தாழும் மூக்கைத் தூக்க அதைப் பின்னால் இழுக்கவும் செய்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் உள் இறக்கை முதலில் ஸ்டால் ஆகி, அதாவது ஏற்றுவிசையை இழந்து, விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்து, சுழன்றபடி கீழிறங்கும் ஸ்பின்னில் விழும். சில நூறு அடி உயரத்தில் அதிலிருந்து மீள இடமில்லை. கோட்டைத் தாண்டிவிட்டால், எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலேறி, இன்னொரு சுற்று வாருங்கள்.

கேள்வி: பயணிகள் ஜெட்டிலும் திருப்பத்தில் மிதிக்கிறார்களா?

பதில்: பொதுவாக இல்லை, அந்த வேலையைத் தானியங்கி அமைப்பே செய்துவிடுகிறது. பக்கக்காற்றில் தரையிறங்கவும், ஓர் எஞ்சின் நின்றுபோனால் நேராகப் பறக்கவும்தான் கால் தேவைப்படுகிறது. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில், முன்சென்ற விமானத்தின் காற்றுச் சுழலில் சிக்கிய ஏர்பஸ் ஏ300 விமானத்தின் துணை விமானி சுக்கானை மாறிமாறிப் பலமாக மிதித்ததில், செங்குத்து வால் முறிந்து விழுந்து 265 பேர் இறந்தனர்.