பதக்கத்தில் பெயர் இருக்கும், சின்னத்தில் இருக்காது

பழைய ராணுவச் சின்னங்கள் பற்றி இந்த முறை நான்கு கடிதங்கள் வந்தன. நான்குக்கும் இங்கே பதில்.

கேள்வி: என் கணவரின் தாத்தா இரண்டாம் உலகப்போரில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் அவருடைய டிரங்குப் பெட்டி கிடைத்தது. பித்தளைத் தோள்பட்டைச் சின்னம் ஒரு ஜோடி, நான்கு பதக்கங்கள், பே புக் (வீரரின் சம்பளம், பணி விவரம் எழுதிய சிறு புத்தகம்), ஒரு கடிதம். பித்தளையும் பதக்கங்களும் கறுத்துப்போய்விட்டன. புளி போட்டுத் தேய்த்து, நான்கு பேரன்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். சரியா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, முதலில் புளியைக் கீழே வையுங்கள். குத்துவிளக்கை வாராவாரம் தேய்க்கலாம், இதைத் தேய்க்கக் கூடாது. புளியின் அமிலம் அழுக்கோடு சேர்த்துப் பித்தளையின் மேல்தோலையும் எடுத்துவிடும். அந்தச் சின்னத்தைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். அணிவகுப்புக்கு முன்னால் அவர் பாலிஷ் போட்டுப் போட்டுத் தேய்ந்த இடம் அது. அவர் கை பட்ட தேய்மானத்தின் மேல் நம் தேய்மானத்தையும் ஏற்ற வேண்டாம். எங்காவது பச்சைக் களிம்பு பூத்திருந்தால் மூங்கில் குச்சியின் நுனியால் மெதுவாக எடுத்து, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

அடுத்தது பங்கு பிரிப்பது. அதுதான் என்னை அதிகம் பதற வைக்கிறது. பதக்கங்களின் விளிம்பையும் நட்சத்திரப் பதக்கங்களின் பின்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்தப் போருக்கு இந்திய வீரர்களுக்குத் தந்த பதக்கங்களில் பெரும்பாலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். பதக்கம் எங்கே போனாலும் தன் சொந்தக்காரரைச் சொல்லும். தோள்பட்டைச் சின்னத்தில் அப்படி எதுவும் கிடையாது. அதே அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்தவை அவை. அது உங்கள் தாத்தாவுடையது என்பதற்கு ஒரே சாட்சி, அவருடைய பே புக்கோடு ஒரே பெட்டியில் கிடந்தது என்பதுதான். பிரித்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

என் அம்மாவின் அப்பா மெட்ராஸ் சாப்பர், அதாவது ராணுவப் பொறியாளர் படையின் வீரர். அவர் விட்டுப்போனது ஒரே ஒரு தொப்பிச் சின்னம். இருபத்தாறு வயதில் எனக்குச் சேர்க்கும் ஆசை வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதேபோல் நான்கு வாங்கி, ஐந்தையும் ஒரே வெல்வெட் தட்டில் அடுக்கி வைத்தேன். எழுதி வைக்கவில்லை. 'தாத்தாவோடதுல பின்னாடி ஒரு கீறல் இருக்கும்' என்று அம்மா சொன்ன ஞாபகம். ஐந்தில் மூன்றில் கீறல் இருக்கிறது. எந்தக் கீறல் என்று கேட்க நினைத்தபோது அம்மா இல்லை. இன்றும் அந்த ஐந்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எது அவருடையது என்று எனக்குத் தெரியாது.

அதனால் பெட்டி ஒரே வீட்டில் இருக்கட்டும். மற்ற மூன்று பேரன்களுக்கும் படமும் பே புக் நகலும் கொடுங்கள். ஒவ்வொரு பொருளையும் முன்னும் பின்னும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். ஒரு நோட்டில் பென்சிலால் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த வீட்டுப் பரண், என்றைக்குக் கிடைத்தது, யார் யார் பார்த்தார்கள், பெட்டியில் எது எதோடு ஒட்டிக் கிடந்தது. பெரியவர்கள் சொல்லும் கதையை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, கீழே யார் சொன்னது என்று போடுங்கள். காகிதத்தில் பார்த்தது தனி, காதால் கேட்டது தனி. பொருளுக்கு நீங்கள் கொடுக்கும் அடையாள எண்ணைச் சின்னத்தின் மேல் எழுதாதீர்கள், பசையும் வேண்டாம். பருத்தி நூலில் ஒரு சீட்டுக் கட்டினால் போதும்.

பே புக்கில் உள்ள படை எண்ணோடு குன்னூர் அருகே வெலிங்டனில் இருக்கும் ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் திரும்பி வராத நண்பர் பெயர் ஏதும் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். பர்மாவில் இறந்து கல்லறை இல்லாமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன.

கேள்வி: பழைய சாமான் கடையில் 1,500 ரூபாய்க்கு ஒரு பித்தளைச் சின்னம் வாங்கினேன். ஆங்கிலத்தில் '3' என்ற எண்ணும் 'மெட்ராஸ்' என்ற எழுத்தும் இருக்கின்றன. 1914 போரில் பயன்பட்டது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
- ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தம்பி, அந்த '3' தான் கடைக்காரருக்கு எதிர்சாட்சி. முதல் உலகப்போரின்போது 'மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று ஒன்று கிடையாது. 73ஆம் கர்நாடிக், 75ஆம் கர்நாடிக், 83ஆம் வாலாஜாபாத் என்று தனித்தனிப் படைகளாக இருந்தன. 1922 சீரமைப்பில்தான் அவற்றைச் சேர்த்து அந்தப் பெயர் வைத்தார்கள். 1928க்குள் அதன் நிரந்தரப் பட்டாளங்களையெல்லாம் கலைத்துவிட்டு, போர் வந்ததும் 1941இல் மறுபடி எழுப்பினார்கள். 1945இல் எண்ணை விட்டுவிட்டு வெறும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆக்கினார்கள். ஆக, உங்கள் சின்னம் அசலாக இருந்தால் 1922க்கும் 1945க்கும் நடுவில் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அசல்தானா என்பது அடுத்த கேள்வி. அச்சில் அடித்தது என்றால் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்ப்பு நகல் என்றால் ஊசி குத்தியது போல் சிறு குழிகள் தெரியும், ஓரம் மெழுகு போல் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் பழைய அச்சிலேயே பிற்பாடு அடித்தவையும் சந்தையில் உண்டு, அங்கே இந்தச் சோதனை உதவாது. கிரீடம் பொறித்த இந்தியப் படைச் சின்னம் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 26 ஜனவரி 1950 முதல் கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்துவிட்டன.

கடைக்காரர் சொன்னதையும் தேதியோடு எழுதி வையுங்கள், 'கடைக்காரர் கூற்று' என்று தலைப்புப் போட்டு. தவறான கதையும் அந்தப் பொருள் வந்த வழியின் ஒரு பகுதிதான்.

கேள்வி: சிவப்புத் துணியில் மஞ்சள் நிறக் கை ஒரு கத்தியைப் பிடித்திருக்கும் சின்னம் எங்கள் வீட்டில் இருக்கிறது. பூச்சி அரிக்கிறது. தாத்தா பர்மாவின் மாண்டலேயில் போரிட்டார் என்று இதை வைத்துச் சொல்லலாமா?
- ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: அது 19ஆம் இந்திய டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவின் குறி. 1945 மார்ச்சில் மாண்டலேயைப் பிடித்தது அந்த டிவிஷன்தான். ஆனால் துணியை வைத்து அவ்வளவு தூரம் போகாதீர்கள். ஒரு டிவிஷனில் ஆயிரக்கணக்கான பேர், சமையல்காரர் முதல் லாரி ஓட்டுநர் வரை. வீரர்கள் இடம் மாறியதும் உண்டு. 'தாத்தாவின் பெட்டியில் இருந்தது' என்று எழுதுங்கள், மாண்டலே என்பதற்குக் காகிதம் தேடுங்கள்.

துவைக்க வேண்டாம், சாயம் ஓடும். அந்துருண்டையும் வேண்டாம். பாலிதீன் பையில் காற்றில்லாமல் மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள், இல்லையென்றால் துணி வேர்த்துவிடும். அப்புறம் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம்.

கேள்வி: என் பெரியப்பாவுக்கு 82 வயது. 1965 போரில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். சின்னங்களைக் காட்டுவார், போர் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். எப்படிக் குறிப்பெடுப்பது?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: போரைக் கேட்காதீர்கள். யானைச் சின்னத்தை அவர் கையில் கொடுத்து, 'இது தொப்பியில எந்தப் பக்கம் வரும் பெரியப்பா?' என்று மட்டும் கேளுங்கள். எங்கே கொடுத்தார்கள், யார் பாலிஷ் போடச் சொல்லிக் கொடுத்தார், தொலைத்தால் என்ன தண்டனை என்று அவராகவே போவார். 1803இல் ஆங்கிலேயர் மராத்தியரை வென்ற அசாயே போரின் நினைவாக வந்த யானை அது என்பதை அவரே உங்களுக்குச் சொல்லவும் கூடும். நடுவில் மௌனமானால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, தேதி போட்டு அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கி, சின்னத்தோடு வையுங்கள்.